மாதிரி ரயில்களில் ரசாயனச் சரக்கு வண்டி: எழுத்தும் உருவமும்

மாதிரி ரயில் என்பது உண்மையான ரயில்வேயை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கி, பலகைமேல் தண்டவாளம், நிலையம், கொட்டகை, ஊர் ஆகியவற்றோடு அமைத்து ஓட்டும் கலை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுகளுக்கு மேலாக இது பரவலாக உள்ளது. இந்தியாவில் ஈடுபடுவோர் குறைவு. பொதுமக்கள் பார்க்கும்படி அமைந்தவற்றுள் புணே நகரின் கோத்ரூடில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் பலரும் அறிந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001 முதல் இயங்கும் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் உலக அளவில் புகழ்பெற்றது.

இக்கலையில் பயணிகள் ரயிலுக்கு அடுத்தபடியாகப் பலர் விரும்பிச் சேகரிப்பது டேங்கர் வண்டிகளை. பெட்ரோல், சமையல் எரிவாயு, கந்தக அமிலம், காஸ்டிக் சோடா, அமோனியா, குளோரின் என்று தொழிற்சாலைகளுக்குப் போகும், தொழிற்சாலைகளிலிருந்து வரும் பொருள்களை ஏற்றும் தொட்டி வேகன்கள் இவை. பெட்ரோலை ரசாயனங்களோடு சேர்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இந்திய ரயில்வே சேர்த்தே பார்க்கிறது. வெடிபொருள், அமிலம், வாயு, எண்ணெய் ஆகிய எல்லா ஆபத்தான சரக்குகளுக்குமான விதிகள் 'ரெட் டாரிஃப்' என்று வழங்கும் ஒரே விதித்தொகுப்பில்தான் உள்ளன.

டேங்கர் மாதிரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் குறை எளிமையானது. நிலக்கரி வேகனில் நிலக்கரி தெரியும், மர வேகனில் மரம் தெரியும். டேங்கரில் சரக்கு தெரியாது. அதனால் உள்ளே இருப்பதை வண்டியின் உருவம்தான் சொல்ல வேண்டும். உண்மையான டேங்கர்கள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. மாதிரிகளில் பெரும்பாலானவை சொல்வதில்லை. ஒரே உருளையை எடுத்து, வேறு வேறு நிறம் பூசி, வேறு வேறு நிறுவனத்தின் பெயரை எழுதி, வேறு வேறு வண்டி என்று விற்கும் பழக்கம் இத்துறையில் தொடக்கம் முதலே உண்டு.

பெயர் எழுதிய தகரத் தொட்டி

இங்கிலாந்தின் ஹார்ன்பி நிறுவனம் 1920களிலும் 1930களிலும் விற்ற 'ஓ' அளவு டேங்கர்கள் தகரத்தால் ஆனவை. 32 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும். நேஷனல் பென்சோல், ஷெல், பிராட்ஸ், பி.பி., ரெட்லைன், காஸ்ட்ரால் என்று பெயர்கள் மாறின, தொட்டி மாறவில்லை. இவை சரக்கு வண்டிகளின் மாதிரிகள் என்பதைவிட, பெட்ரோல் நிலைய விளம்பரப் பலகைக்குச் சக்கரம் பொருத்தியவை என்பதே பொருத்தம். எண்ணெய் நிறுவனங்களுக்கு இதில் நட்டமில்லை.

நேஷனல் பென்சோல் வண்டி இங்கே தனியே கவனிக்கத்தக்கது. பென்சோல் என்பது நிலக்கரியைச் சுட்டு கோக் ஆக்கும்போது பக்கவிளைவாகக் கிடைக்கும் பென்சீன் முதலியவற்றின் கலவை. பெட்ரோலோடு சேர்த்து மோட்டார் எரிபொருளாக விற்றார்கள். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதை இன்று பள்ளி மாணவரும் படிக்கிறார். அந்த வண்டியைத் தரையில் தள்ளி விளையாடிய குழந்தைக்கு அது ஓர் அழகான பெயர், அவ்வளவுதான். குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தகரத் தொட்டியின் மரபைப் பெரியவர்களின் மாதிரி ரயிலும் அப்படியே தொடர்ந்தது என்பதுதான் விமர்சனத்துக்கு உரியது.

இடையில் நல்ல முயற்சிகளும் நடந்தன. ஹார்ன்பி டப்ளோ வரிசையில் ஏறத்தாழ 1960-இல் வந்த ஐ.சி.ஐ. குளோரின் டேங்கர் அவற்றில் ஒன்று. எரிபொருள் அல்லாத ஒரு தொழில்துறை வாயுவைப் பொம்மைக்கடைக்குக் கொண்டுவந்த வண்டி அது. ஜெர்மன் தயாரிப்பாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஐரோப்பாவில் ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டிகளில் ஆரஞ்சு நிறப் பலகை ஒன்று இருக்கும். மேல்வரியில் ஆபத்தின் வகை, கீழ்வரியில் பொருளின் ஐ.நா. எண். மேலே 33, கீழே 1203 என்றால் எளிதில் தீப்பற்றும் திரவம், பெட்ரோல். அமோனியாவுக்கு 1005, குளோரினுக்கு 1017, கந்தக அமிலத்துக்கு 1830. உண்மைப் பலகை 40 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 1:87 விகிதத்தில் அது 5 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் எண்களைப் படிக்கும்படி அச்சிடுகிறார்கள். வண்டியின் பக்கத்தில் பெரிதாக எழுதிய நிறுவனப் பெயரைவிட இந்தப் புள்ளி கூடுதலாகச் சொல்கிறது.

அடர்த்தி உருவத்தைத் தீர்மானிக்கிறது

ஒரு டேங்கர் ஏன் பருமனாகவும் இன்னொன்று ஏன் மெலிந்தும் இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் மாதிரிகளை மதிப்பிடுவது எளிதாகும்.

ரயில் பாதை தாங்கக்கூடிய அச்சுச் சுமைக்கு எல்லை உண்டு. இந்தியாவில் பெட்ரோலிய டேங்கராக மிகுதியாகக் காணப்படும் பி.டி.பி.என். வகை வேகனுக்கு நான்கு அச்சுகள், ஓர் அச்சுக்கு 20.32 டன், மொத்தம் 81.28 டன். வெற்று எடை 27 டன் போக, ஏற்றக்கூடியது 54.28 டன். தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 70 கிலோலிட்டர். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரில் முக்கால் பங்கு என்பதால் 70 கிலோலிட்டர் பெட்ரோல் 52 டன் வரும். தொட்டியும் நிறையும், எடையும் எல்லைக்குள் நிற்கும். பெட்ரோலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை எனலாம்.

இதே எடை எல்லைக்குள் கந்தக அமிலத்தை ஏற்றினால் என்ன ஆகும்? அதன் அடர்த்தி 1.84. 54 டன் அமிலத்துக்கு 30 கிலோலிட்டர் இடம்கூடத் தேவையில்லை. அதே நீளமுள்ள வண்டியில் தொட்டியின் விட்டம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 1:87 மாதிரியில் பெட்ரோல் தொட்டி 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுடையது என்றால், அமிலத் தொட்டி 2 சென்டிமீட்டரை ஒட்டியே நிற்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வேறுபாடு தெரியும். 50 விழுக்காட்டுக் காஸ்டிக் சோடாக் கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.5. அதன் தொட்டி இரண்டுக்கும் நடுவே வரும்.

சமையல் எரிவாயு எதிர்த்திசையில் போகிறது. அது தண்ணீரின் பாதியளவு எடைதான், ஆனால் அழுத்தத்தில் திரவமாக வைத்திருக்க வேண்டும். தொட்டிச் சுவர் தடிமனாகிறது, முனைகள் அரைக்கோளம்போல் உருண்டுவிடுகின்றன, வண்டி நீள்கிறது. எரிவாயு ஏற்றும் பி.டி.பி.ஜி.எல்.என். வேகனின் வெற்று எடை 41.6 டன், ஏற்றும் பாரம் 37.6 டன். சரக்கைவிட வண்டி கனமானது! வால்வுகளும் மேலேதான் இருக்கும். எண்ணெய் வண்டியைப் போல அடியில் குழாய் வைத்து இறக்குவதில்லை. வண்டியின் அடிப்பக்கம் வெறுமையாக இருப்பதே இது அழுத்த வாயு வண்டி என்பதற்கு முக்கியமான அடையாளம். அடிக்குழாய் ஒட்டிய அமோனியா டேங்கர் மாதிரியைப் பார்த்தால், செய்தவர் வண்ணப் படத்தை மட்டும் பார்த்துச் செய்திருக்கிறார் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தக் கணக்கைச் சென்னைவாசிகள் 2019-இல் கண்முன் கண்டார்கள். அந்த ஆண்டுக் கோடையின் வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் விடப்பட்டது. ஜூலை 12 அன்று வந்த முதல் ரயிலில் 50 டேங்கர்கள், ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் தண்ணீர். வகுத்தால் ஒரு வேகனுக்கு 50,000 லிட்டர். 2016 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் லாத்தூருக்கு மீரஜிலிருந்து போன முதல் தண்ணீர் ரயிலிலும் 10 வேகன்களில் 5 லட்சம் லிட்டர், அதே விகிதம். லாத்தூருக்கு ஓடியவை கோட்டாவில் நீராவியால் கழுவிச் சுத்தம் செய்த பெட்ரோலிய டேங்கர்கள். 70 கிலோலிட்டர் பிடிக்கும் தொட்டியில் ஏன் 50 மட்டும்? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 54 டன்னைத் தாண்டக் கூடாது. பெட்ரோலுக்குத் தைத்த சட்டை தண்ணீருக்குத் தொளதொளப்பாகிவிட்டது. மாதிரி ரயில்காரர் யாராவது அந்தத் தண்ணீர் ரயிலைச் செய்தால் வெளித்தோற்றத்தில் பெட்ரோல் ரயிலிலிருந்து எந்த வேறுபாடும் காட்ட முடியாது. ஒரே தொட்டி வேறு பெயர் என்பது நியாயமாகிற அரிய இடம் அது.

மற்றபடி ஒரே தொட்டிக்குப் பல பெயர் எழுதுவதற்கு நியாயம் கிடையாது. அச்சுவார்ப்புச் செலவு என்று தயாரிப்பாளர்கள் சொல்வது உண்மைதான், அது வணிகக் காரணம். வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டு, உருவத்தில் இல்லாத நுணுக்கத்தை எழுத்தில் தேடுவதுதான் வருத்தம். எழுத்துருவின் வளைவு சரியில்லை, சிவப்பு சற்று அடர்ந்துவிட்டது என்று பக்கம் பக்கமாகக் குறை காண்பவர்கள், அமிலம் என்று எழுதிய வண்டி பெட்ரோல் வண்டியின் பருமனில் இருப்பதைக் காண்பதில்லை. அந்த வண்டியில் எழுதியபடி அமிலத்தை நிரப்பினால் 130 டன் வரும். அச்சு முறிந்துவிடும்.

கறைகள்

வண்டியைப் பழையதாகக் காட்டும் வேலையிலும் இதே அலட்சியம் உண்டு. துருநிறத் தூளை எல்லா வண்டிக்கும் ஒன்றுபோலப் பூசிவிடுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு சரக்கும் தனக்கேயுரிய கறையை விடுகிறது. பெட்ரோல் சிந்தினால் ஆவியாகிவிடும், தூசி படிந்த தொட்டியில் கழுவிய கோடு மட்டும் மிஞ்சும். உலை எண்ணெயும் தாரும் மேல்மூடியிலிருந்து கறுப்பாக வழிந்து உறைந்து நிற்கும். காஸ்டிக் சோடா சிந்திய இடம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொருக்காகும். அமிலம் பெயின்ட்டையே தின்றுவிடும். எரிவாயு டேங்கரில் கறையே இருக்காது, அங்கே வெயிலும் மழையும் மட்டும்தான். ஒரு சிறு தூரிகையால் செய்துவிடக்கூடிய வேலை இது.

இந்திய ரேக்கின் நீளம்

வெளிநாட்டு மாதிரித் தளங்களில் சரக்கு ரயில் என்றால் கலவை ரயில். ஒரு மூடிய வேகன், இரண்டு டேங்கர், ஒரு மர வேகன் என்று கோத்திருக்கும். ஊருக்கு ஊர் நின்று, ஒரு குளோரின் டேங்கரை ஒரு காகித ஆலையின் சைடிங்கில் விட்டுவிட்டுப் போகும். இப்படி விடுவதும் எடுப்பதுமாகிய ஷண்டிங்தான் விளையாட்டின் சுவை.

இதை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் பொருந்தாது. 1980களிலிருந்து இந்திய ரயில்வே ஒற்றை வேகன் சரக்கைக் கைவிட்டு, ஒரே சரக்கை ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு முழு ரேக்காக எடுத்துச் செல்லும் முறைக்கு மாறிவிட்டது. குளோரின் இங்கே பெரும்பாலும் 900 கிலோ பிடிக்கும் 'டன்னர்' உருளைகளில் லாரியில் போகிறது. இந்தியத் தளத்தில் ஒற்றைக் குளோரின் டேங்கர் தனியே நிற்பது மெரினாவில் பனிமனிதன் நிற்பதற்குச் சமம்.

முழு ரேக்கைச் செய்யலாம் என்றால் இடம் போதாது. பி.டி.பி.என். வேகன் ஒன்றின் நீளம் 12.42 மீட்டர். 50 வேகன்கள் 621 மீட்டர். 1:87 விகிதத்தில் 7 மீட்டரைத் தாண்டும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ இரண்டு அறை வீட்டில் வசிப்பவர் வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை தண்டவாளம் போட்டாலும் ரயில் நிற்கத்தான் இடம் இருக்கும், ஓட இருக்காது. 1:160 விகிதத்தில் 4 மீட்டருக்குச் சற்றுக் குறையும். அதனால் எல்லாரும் ஐந்தாறு வேகன்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் பொய்யிருக்கிறது. ஐந்து டேங்கர் கொண்ட ரயில் பார்க்க அழகாக, அடக்கமாக, வீட்டுப் பிராணிபோல இருக்கிறது. லெவல் கிராசிங்கில் நின்று ஐம்பதையும் எண்ணியவருக்கு ஏற்படும் உணர்வு வேறு.

இதற்கு வழி உண்டு என்பது என் எண்ணம், ஆனால் அது காலத்தில் பின்னோக்கிப் போகும் வழி. நான்கு சக்கர டேங்கர்கள் ஒன்றிரண்டாக ஓடிய காலத்தைத் தேர்ந்தெடுப்பது. அப்போது வேகன்களின் குறியீட்டு எழுத்தே சரக்கைச் சொல்லும். டி.பி. பெட்ரோல், டி.கே. மண்ணெண்ணெய், டி.எம். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, டி.சி.எஸ். காஸ்டிக் சோடா. மணலியில் சென்னை சுத்திகரிப்பு ஆலை 1969-இல் உற்பத்தியைத் தொடங்கியது. உர ஆலையும் அதே காலத்தது. வடசென்னையின் சைடிங்குகளும் தண்டையார்பேட்டை யார்டும் நீராவி எஞ்சினும் டீசல் எஞ்சினும் சேர்ந்து இயங்கிய அந்த ஆண்டுகள் ஒரு மேசையின் அளவுக்குள் நேர்மையாக அடங்கும்.

இங்கிலாந்தின் ஆலன் ரைட் அமைத்த 'இங்கிள்நூக்' என்ற சிறு ஷண்டிங் தளம் இதற்கு உதவும். மூன்று சைடிங்குகள், ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று வேகன் நிற்க இடம். மொத்தம் எட்டு வேகன்களில் ஐந்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதே வரிசையில் கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் வரக்கூடும். புதிராக இது அருமையானது, ஆனால் வரிசைக்குக் காரணம் கிடையாது, சீட்டுதான் தீர்மானிக்கிறது. ரசாயனச் சரக்கு அந்தக் காரணத்தைத் தருகிறது. நீராவிக் காலத்தில் எஞ்சினின் தீப்பொறிக்கு அஞ்சி, பெட்ரோல் டேங்கருக்கும் எஞ்சினுக்கும் இடையே வேறு வேகன் கோக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதைத் தடுப்பு வேகன் எனலாம். எட்டு வேகன்களில் இரண்டு பெட்ரோல், ஒன்று அமிலம் என்று வைத்து, தடுப்பு வேகன் விதியையும் சேர்த்தால், புதிர் ஒரு யார்டு மாஸ்டரின் வேலையாகிவிடும். காலி டேங்கருக்கும் அதே விதி வேண்டும். இறக்கி முடித்த பெட்ரோல் தொட்டியில் ஆவி நிறைந்திருக்கும், நிறைந்த தொட்டியைவிட அது எளிதில் வெடிக்கக்கூடியது. மாதிரித் தளங்களில் 'காலி' என்றால் கவலை இல்லாதது என்று பொருள்கொள்வது வழக்கம்.

வேலிக்கு வெளியே

பாரிவாக்கத்தில் ரயில் பாதை இல்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் உள்ள ஊர் அது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே ஆவடிக்குப் போக வேண்டும். ஆவடியில் நின்றால் வடசென்னையிலிருந்து வில்லிவாக்கம், அம்பத்தூர் வழியாக அரக்கோணம் நோக்கிப் போகும் டேங்கர் ரேக்குகளை மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே பார்த்துவிடலாம். மணலி ஆலையின் பொருள்கள் திருச்சிக்கும் மதுரைக்கும் 2005 முதல் நிலத்தடிக் குழாயிலும் போகின்றன. ஆனாலும் மேற்குப் பாதையில் டேங்கர்கள் குறையவில்லை என்றே பிளாட்பாரத்தில் நிற்பவருக்குத் தோன்றும்.

2025 ஜூலை 13 அதிகாலை, இதே பாதையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. 18 டேங்கர்கள் எரிந்தன. பாதையை ஒட்டி வசித்தவர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். சென்னை-அரக்கோணம் தடத்தில் ரயில்கள் நின்றன. உயிர்ச்சேதம் இல்லை. டீசல் பெட்ரோலைப்போல உடனே பற்றிக்கொள்வதில்லை. அப்படியிருந்தும் புகை வெகுதொலைவுக்குத் தெரிந்தது.

கனடாவின் லாக்-மெகாந்திக் ஊரில் 2013 ஜூலை 6 அன்று கச்சா எண்ணெய் ரயில் ஊரின் நடுவே தடம்புரண்டு வெடித்ததில் 47 பேர் இறந்தார்கள். அந்த வண்டிகள் டி.ஓ.டி-111 என்ற பழைய வகை. அதன்பின் 2015-இல் வட அமெரிக்காவில் டி.ஓ.டி-117 என்ற புதிய தரம் வந்தது. தொட்டியின் இரு முனைகளிலும் முழு உயரத்துக்குக் கவசத் தகடு, தடித்த சுவர், வெளியுறை. இவை அனைத்தும் கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்கள். ஒரு மாதிரியின் முனைத் தகட்டைப் பார்த்தே அது அந்த விபத்துக்கு முந்தைய வண்டியா பிந்தைய வண்டியா என்று சொல்லிவிடலாம். 47 பேரின் சாவு ஒரு தகட்டின் உருவில் அந்த வண்டியின்மேல் இருக்கிறது. உருவத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் மாற்றுகிற மாதிரி இதைத்தான் அழித்துவிடுகிறது.

விளையாட்டுப் பொருளில் விபத்தைக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எரியும் டேங்கரைச் செய்யச் சொல்லவில்லை. பஞ்சில் ஆரஞ்சு விளக்கு வைத்துத் தீயைக் காட்டும் தளங்கள் வெளிநாட்டில் பல இருக்கின்றன, அவை வெறும் வேடிக்கை. கேட்பது வேறு. தண்டவாளத்துக்கும் முதல் வீட்டுச் சுவருக்கும் உள்ள தூரத்தை விகிதப்படி வையுங்கள் என்பதே. 10 மீட்டர் என்றால் பலகையில் 11.5 சென்டிமீட்டர். வழக்கமான தளத்தில் டேங்கர் ரயில் புல்வெளி, மாடு, மாதாகோவில், குன்று வழியாகப் போகும். பின்னால் கடையில் வாங்கிய கிட்டில் செய்த சுத்திகரிப்பு ஆலை, நான்கு கோபுரம், இரண்டு தொட்டி. ஆலையும் ரயிலும் இருக்கும், நடுவில் மனிதர் இருக்க மாட்டார்கள். அம்பத்தூர் முதல் திருவள்ளூர் வரை பாதையோரம் பார்த்தவருக்கு இது வேற்றுக்கிரகம். இங்கே மதில்சுவர், அதையொட்டி மாடிவீடு, மாடியில் துணி, மதிலில் ஆள் நுழையும் ஓட்டை, ஓட்டை வழியாகத் தண்டவாளத்தைக் கடந்து பள்ளிக்குப் போகிற குறுக்குவழி. இவற்றை வைத்தால் ஐந்தே டேங்கர் ஓடினாலும் அந்தத் தளம் உண்மையைச் சொல்லும்.

பொதுவிடங்களிலும் இந்தக் குறை தெரிகிறது. சென்னை ஐ.சி.எஃப். அருகே 2002-இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகம், பயணிகள் பெட்டி செய்யும் தொழிற்சாலையின் அருகில் இருப்பதால், பயணிகள் பெட்டிகளையே மையமாகக் கொண்டது. அது இயல்பே. ஆனால் சரக்கு ரயிலைப் பற்றி ஒரு மாணவர் உட்கார்ந்து கற்கும்படியான இடம் நகரில் தேவை. டேங்கரின் வெட்டுத்தோற்றம் ஒன்றை வைத்தால்கூட, மேலே சொன்ன அடர்த்திக் கணக்கை ஒன்பதாம் வகுப்பு மாணவர் அங்கேயே போட்டுப் பார்த்துவிடுவார்.

அளவுச் சிக்கலும் அம்பத்தூர்ப் பட்டறையும்

இந்திய வண்டிகளைச் செய்ய முனைபவர்க்கு முதல் தடை தண்டவாளத்தின் அகலம். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். அது 1435 மில்லிமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்த அளவு. இந்திய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். எனவே எச்.ஓ. தண்டவாளத்தில் நிற்கும் இந்திய டேங்கர் எதிரிலிருந்து பார்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பதுபோல் ஒடுங்கித் தெரியும். டேங்கர்களில் இது கூடுதலாக உறுத்தும். மூடிய வேகனின் அடிப்பகுதியைப் பக்கச்சுவர் ஓரளவு மறைக்கும், உருளைக்கு அடியில் எல்லாமே திறந்து கிடக்கும். சிலர் சக்கரத்தின் வெளிப்புறச் சட்டத்தை அகலப்படுத்திச் சமாளிக்கிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும்வரை பரவாயில்லை. தாமே 19 மில்லிமீட்டர் தண்டவாளம் போடுபவர்கள் மிகச் சிலர்.

இரண்டாவது தடை, இந்திய வேகன்களைப் பெரிய அளவில் வார்த்து விற்பவர் இல்லாதது. முப்பரிமாண அச்சில் சிறு எண்ணிக்கையில் செய்து விற்கும் முயற்சிகள் நடக்கின்றன. அச்சில் வரும் உருளையில் மெல்லிய படிக்கட்டுக் கோடுகள் விழும், அரத்தால் தேய்த்தே எடுக்க வேண்டும். உருளைக்கு அச்சைவிடக் கடைசல் நல்லது என்பது என் கருத்து. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் 1960களிலிருந்து கடைசல் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. 33 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தண்டை 14 சென்டிமீட்டருக்குள் வெட்டி, எரிவாயு வண்டிக்கு முனையை உருட்டியும் பெட்ரோல் வண்டிக்குச் சற்றே குழித்தட்டு வடிவிலும் கடைந்து தருவது அவர்களுக்குத் தேநீர் நேரத்து வேலை. அமில வண்டிக்கு 21 மில்லிமீட்டர் தண்டு. ஏணி, மேல்நடை, வால்வு, போகி ஆகியவற்றை மட்டும் அச்சில் எடுத்து ஒட்டலாம். அடிக்குழாயை எந்த வண்டிக்கு ஒட்டக்கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.